ட

பெரியம்மா ஃபோனில் அழுதது இப்படி:
"சனி ஞாயிறெண்டால் மைன்ஸுக்குள்ள போறான்,
சொல்லிக் கேக்கிறானில்லை."
அம்மா என்னைப் பார்த்தா, என் சப்பாத்தைப் பார்த்தா.
"இவளும் அதுக்குள்ளதான் நிக்கிறாள் அக்கா.
காலைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கோ."

அது வேறு மைன்ஸ் என்று விளங்க
எங்களுக்கு ஒரு வருஷம் எடுத்தது.

சோளகம் புழுதி வாரி இறைக்கும் மாதத்தில்
மாங்குளத்தில் வந்திறங்கினான் நிறோஜன்.
பெட்டியில் சொக்லேட், அம்மாவுக்குக் கால்நோ மருந்து,
உடுப்புக்குள் சுற்றிய ஹெல்மெட் ஒன்று,
காற்றை அளக்கும் ஒரு சின்ன மஞ்சள் கருவி.

ஃபோனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.
வெள்ளி தீர்ந்ததும் ஜேர்மன்காரர் கைவிட்ட மலை.
எவனோ உளியால் கொத்தி நகர்ந்த வழி,
ஆள் அகலம்தான்.
செம்பு கசிந்து நீலம் பிடித்த சுவர்.
இடுப்பளவு தண்ணீரில் இவன், பல் தெரிய.

"என்ன தேடுறாய்?"
"ஒண்டுமில்லை. ஒண்டும் இல்லாததுதான் வடிவு."

நானும் ஒன்றுமில்லாததைத்தான் தேடுகிறேன்,
குந்தியிருந்து, முள்ளுவாரியால்,
நாளுக்குச் சில சதுர மீற்றர்.
ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால்
அந்தக் காணியில் யாரோ கச்சான் விதைப்பார்கள்.
அதற்குச் சம்பளம் உண்டு.

"இஞ்ச அப்பிடி விட்டுப்போன சுரங்கம் இல்லையா?"

ஒலுமடுப் பக்கம் கிரவல் கிடங்குக்குக் கூட்டிப் போனேன்.
மண்ணெல்லாம் ரோட்டாகிவிட்டது;
மிஞ்சிய குழியில் பச்சைத் தண்ணீர், ஒரு எருமை.
பெக்கோ வெட்டிவிட்டுப் போன சுவரில்
பாண் வெட்டியதுபோல் பாதி பங்கர்.
பனங்குற்றி.
சேலையில் தைத்த மண்மூட்டைகள்,
துணி உக்கிச் சரிகை மட்டும் நின்றது.
கூரைக்குக் குறுக்கே இரண்டு தண்டவாளத் துண்டு.

நிறோஜன் அதையே பார்த்தபடி நின்றான்.
"எங்கட சுரங்கங்களில தண்டவாளம்
காலுக்குக் கீழ கிடக்கும்," என்றான்.

பிறகு ஹெல்மெட்டைப் போட்டான். விளக்கைக் கொளுத்தினான்.
மஞ்சள் கருவியை முன்னால் நீட்டி ஒரு அடி வைத்தான்.

"நில்."

வேலைத்தளத்தில் நான் கத்துகிற குரல்.
எருமைகூடத் திரும்பிப் பார்த்தது.

"காற்று நல்லாயிருக்கு," என்றான், கருவியைக் காட்டி.
"காற்றில்லை. நிலம்."

வெளியில் நின்றே வெளிச்சம் அடித்தான்.
அங்கர் பால்மா ரின். பாதிச் சீப்பு.
அதற்கப்பால் வெளிச்சம் போகவில்லை,
சுவர் வலப்பக்கம் மடிந்தது.
ஏன் வளைச்சு வெட்டினவை என்று கேட்டான்.

குச்சியெடுத்துக் கிரவலில் எழுதினேன்: ட.
செல் வாசலில் விழுந்தால்
சன்னம் நேரே வரும், நேரேதான் வரும்.
அதற்கு இந்த எழுத்துத் தெரியாது.

அவனுக்கும் தெரியாது.
அவன் எழுதப் பழகியது தன் பெயரை மட்டும்;
அதில் ட இல்லை.

"எத்தினை பேர் இருக்கலாம்?"
"இருக்கலாமெண்டால் நாலு.
இருந்தது பதினொன்று."
இந்தப் பங்கரைச் சொன்னேனா
வேறொன்றைச் சொன்னேனா என்று அவன் கேட்கவில்லை.
விளக்கை அணைத்தான்.
திரும்பும்போது மோட்டார்சைக்கிள் சங்கிலி இரண்டுமுறை கழன்றது.

போய் மூன்று கிழமை.
இன்று கருவி கத்தியது, அரைமணி நேரம் சுரண்டினேன்:
சோடா மூடி.
கலாமதி விசில் ஊதினாள், இடைவேளை.
கொட்டிலில் வைத்த ஃபோனில் அவனுடைய செய்தி.
வெள்ளி மலைக்குள் நூற்றெண்பது மீற்றர் ஆழத்தில்
வழி மடிகிற இடமொன்றில் நின்றானாம்,
வெளியே வந்ததும் கேட்கிறான்:
அந்த எழுத்து எந்தப் பக்கம் திரும்பும்?

கையுறையைக் கழற்றி ஒரு விரலால் அடித்தேன்:
எழுதேக்க வலப்பக்கம்.
வெட்டேக்க, செல் வராத பக்கம்.

பிறகு சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன்.
பருப்பு, கத்தரிக்காய்.
கருவாட்டைக் கலாமதி எடுத்துவிட்டாள்.